வியாழக்கிழமை ஐந்தாம் பீரியட்

ஸ்கெல்விக், கம்ப்ரியா
17 நவம்பர் 2013

லோர்னா அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். படித்து முடித்ததும் கணப்பில் போட்டுவிடுங்கள். நான் எழுதினேன் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. அப்பா அடிக்கிறவர் இல்லை. அடித்தால் எவ்வளவோ தேவலை என்று தோன்றும்படி பேசாமல் இருப்பார். போன கோடையில் பதினொரு நாள் பேசவில்லை.

நான் மார்த்தா. உங்கள் அண்ணன் டெஸ்மண்டின் மகள். நீங்கள் கடைசியாக என்னைப் பார்த்தபோது நான் கைக்குழந்தையாம். இப்போது பதினான்கு வயது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்ப அம்மா வைத்திருக்கிற பட்டியலிலிருந்து உங்கள் முகவரியை எடுத்தேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தீவில் குளிர் அதிகமா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்காலில் கோளாறு என்று பள்ளியில் ஒரு சீட்டு இருக்கிறது. அது பொய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பா எங்கள் பள்ளியில் துணைத் தலைமையாசிரியர். புதிதாகப் படிப்பு முடித்து வருகிற ஆசிரியர்களுக்கு முதல் வருடம் அவர்தான் வழிகாட்டி. இந்த வருடம் வந்திருப்பது மிஸ் ஹெஸ்டர் ரோஸ்கோ. வேதியியல். போல்ட்டன்காரர், இருபத்து மூன்று வயது, அவருடைய அப்பா பஸ் ஓட்டுகிறார். எங்கள் வகுப்புக்கு வந்த முதல் நாள் கை தவறி ஒரு சோதனைக்குழாயைக் கீழே போட்டுவிட்டார். "சரி, கண்ணாடி கீழ விழுந்தா உடையும்கிற பாடம் முடிஞ்சிது. அடுத்த பாடம் என்ன?" என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

வியாழக்கிழமை ஐந்தாம் பீரியட் அப்பா அவரோடு உட்கார வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம். வகுப்பில் எது சரியாக வந்தது, எது சொதப்பியது, அடுத்த வாரம் என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த மணி நேரத்தில் அப்பா எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். டரமில் ஒரு விடுதிப் பள்ளிக்கு ஜனவரியில் உதவித்தொகைத் தேர்வு. அந்தப் பீரியட் எங்களுக்கு விளையாட்டு. அதற்குத்தான் முழங்கால் சீட்டு.

அப்பாவின் அறையில் நான் போய் உட்கார்ந்ததும் மேசைத் தொலைபேசி அடிக்கும். மிஸ் ரோஸ்கோதான். "இன்னிக்கு வேலை தலைக்கு மேல இருக்கு ஹெஸ்டர். நீங்கதான் நல்லா பண்றீங்களே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார் அப்பா. வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். இதுவரை ஒன்பது வியாழக்கிழமை. ஒன்பது தடவையும் நான் சிரித்தேன்.

நீங்களும் ஒரு வருடம் ஆசிரியராக இருந்தீர்களாமே. "அவளுக்கு அதுல மனசு ஒட்டல" என்று அப்பா சொல்வார். இது தப்பா, இல்லை எல்லாப் பள்ளியிலும் இப்படித்தானா? அதை மட்டும் சொல்லுங்கள். பதிலை என் சிநேகிதி கெரி வீட்டுக்கு அனுப்புங்கள். எங்கள் வீட்டுத் தபாலை அப்பாதான் பிரிப்பார். என் போனையும் ராத்திரி அவரே வாங்கி வைத்துக்கொள்வார்.

உங்களை நம்பி,
மார்த்தா


ஸ்ட்ரோம்னஸ், ஆர்க்னி
4 டிசம்பர் 2013

மார்த்தாக்குட்டிக்கு,

நான் சுகம். கை விரல்கள்தான் குளிரில் வீங்கிக் கிடக்கின்றன. அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில் இரவுப் பணிதானா? அவளுடைய முதுகுவலி எப்படி?

இங்கே மூன்று நாளாகக் கப்பல் ஓடவில்லை. டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்து வசவு வாங்குவதுதான் என் வேலை. நேற்று ஒருவர், "அலையை நிறுத்த உங்களால முடியாதா?" என்று கேட்டே விட்டார். "மேனேஜர் லீவுல இருக்காரு சார்" என்றேன்.

நீ கேட்டதற்கு: இதெல்லாம் பெரியவர்கள் விவகாரம். உன் கணக்கைப் பார். நன்றாக எழுது. கடிதத்தை நீ சொன்னபடியே செய்துவிட்டேன்.

அன்புடன்,
லோர்னா


ஸ்கெல்விக்
12 ஜனவரி 2014

அத்தைக்கு,

உங்கள் விரல் வீக்கம் குறைந்ததா? அம்மாவின் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது.

நான் கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. தப்பா இல்லையா என்று கேட்டேன். நீங்கள் அலையைப் பற்றி எழுதுகிறீர்கள். இங்கே எல்லோரும் இப்படித்தான். கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார்கள்.

புது ஆசிரியர்களுக்கு மற்றவர்களைவிடப் பத்தில் ஒரு பங்கு பாடவேளை குறைவாகக் கொடுக்க வேண்டுமாம். மற்ற வகுப்புகளைப் பார்க்கவும் தயாராகவும் அந்த நேரம். மிஸ் ரோஸ்கோவுக்கு அந்த நேரத்திலெல்லாம் வராத ஆசிரியர்களின் வகுப்பு. பென்ரித்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு அவர் பெயர் போயிருந்தது. அப்பாவே பேனாவால் அடித்ததைப் பார்த்தேன். "அவ போயிட்டா 9D-ய யாரு மேய்க்கிறது?" என்றார். ஒன்பதாம் வகுப்பு D பிரிவை யாரும் எடுக்க மாட்டார்கள். போன வருடம் இரண்டு ஆசிரியர்கள் பாதியில் ஓடிவிட்டார்கள். அதை இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின வியாழக்கிழமை நான் புத்தகத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா அவரைக் கூப்பிட்டார். மேசை மேல் பதினான்கு தாள். ஒவ்வொன்றிலும் ஒரு வியாழக்கிழமைத் தேதி. 'வழிகாட்டல் கூட்டம், ஒரு மணி நேரம்' என்று போட்டு, என்ன பேசினார்கள் என்றுகூட எழுதியிருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க ஹெஸ்டர். கவுண்ட்டி கல்வி ஆபீஸுக்கு அனுப்பணும்."

மிஸ் ரோஸ்கோ தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "சார், நாம உக்காரவே இல்லையே…"

"உக்காந்தாத்தான் பேச்சா? காரிடார்ல பாக்கும்போது நான் எதுவும் சொன்னதில்ல? எல்லாப் பள்ளியிலும் நடக்கறதுதாம்மா. இத நிறுத்தி வச்சா உங்க முதல் டேர்ம் அறிக்கைதான் தாமதமாகும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பையின் ஜிப்பைப் பார்த்தேன். பதினான்கிலும் போட்டுவிட்டார். போகும்போது அப்பாவுக்கு 'மெர்ரி கிறிஸ்துமஸ்' வேறு சொன்னார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, அந்த முதல் வருடத் தகுதிகாணில் தேறாவிட்டால் புது ஆசிரியர்களுக்கு என்ன ஆகும் என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். அப்பா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "அவ்வளவுதான். இங்கிலாந்துல எந்த அரசுப் பள்ளியிலும் அப்புறம் கால் வைக்க முடியாது. ரெண்டாவது தடவைன்னு ஒண்ணு கிடையாது" என்றார். பட்டாணி எடுத்துக்கொள் என்று சொல்கிற அதே குரலில்.

நீங்கள் ஏன் வேலையை விட்டீர்கள்?

மார்த்தா


ஸ்ட்ரோம்னஸ்
10 பிப்ரவரி 2014

மார்த்தா,

கை பரவாயில்லை. தேர்வு நன்றாக எழுதியிருப்பாய் என்று நம்புகிறேன்.

பதினான்கிலுமா போட்டாள்? முட்டாள் பெண். இனி ஒரு தாளில்கூட அவள் கையெழுத்துப் போடக் கூடாது. எப்படியாவது அவள் காதில் போடு. நான் சொன்னேன் என்று சொல்லாதே.

கடைசியில் கேட்டாயே, அதை மறுபடி கேட்காதே.

லோர்னா


ஸ்கெல்விக்
16 பிப்ரவரி 2014

அத்தைக்கு,

நலமாக இருப்பீர்கள். எனக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் எச்சரிக்கை காலம் கடந்து வந்தது. மிஸ் ரோஸ்கோ தானாகவே நிறுத்திவிட்டார். ஜனவரித் தாள்களில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தனக்குச் சேர வேண்டிய ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை என்று தலைமையாசிரியருக்கு எழுதிப் போட்டிருக்கிறார். தலைமையாசிரியர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி அப்பாவுக்குத்தான் என்று ஸ்கெல்விக் முழுக்கத் தெரியும். தலைமையாசிரியர் அந்தக் கடிதத்தை அப்படியே அப்பா கையில் கொடுத்துவிட்டார்.

தேர்வு முடிந்தும் என் வியாழக்கிழமை நிற்கவில்லை. இப்போது நேர்முகத் தேர்வுக்குத் தயாரிக்கிறார். போன வியாழக்கிழமை அப்பா, "நீ கோப்பு ரூம்ல உக்காந்து படி" என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டு மிஸ் ரோஸ்கோவைக் கூப்பிட்டார். நடுவில் மெல்லிய பலகைச் சுவர்தான். எல்லாம் கேட்டது.

"இங்க பாருங்க ஹெஸ்டர். பதினாலு கூட்டம். பதினாலு கையெழுத்து. இது யாரோடது?"

"என்னோடதுதான். ஆனா நீங்கதானே சார் போடச் சொன்னீங்க?"

"அப்ப பொய்யின்னு தெரிஞ்சே போட்டீங்களா? ஆசிரியர் தொழில்ல இருக்கிறவங்க பொய்க் கையெழுத்துப் போடலாமா? நீங்களே சொல்லுங்க, நான் அதை எப்படி எழுதட்டும்?"

தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மிஸ் ரோஸ்கோ சொன்னார்: "வியாழக்கிழமை வியாழக்கிழமை நீங்க என்னதான் சார் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்."

அத்தை, நான் நான்கு அடி தூரத்தில் இருந்தேன். அந்த விஷயம் நான்தான்.

மறுநாளே அப்பா 9D வகுப்பைப் பார்வையிடப் போனார். சொல்லாமல் கொள்ளாமல். கெரி அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். "உங்கப்பா பின்னாடி உக்காந்து எழுதுறாரு, எழுதுறாரு, பரீட்சை எழுதுற மாதிரி! நாங்க நல்லாத்தான்டி இருந்தோம். ஜேக்கப்கூட தாமிர உப்ப எரிச்சா ஏன் பச்சையா வருதுன்னு கேட்டான். அவன் வாயத் தொறந்து கேள்வி கேட்டதே இந்த வருஷம் அதான் முதல் தடவை. உங்கப்பா அதையெல்லாம் எழுதினாராமா?" என்று என்னைக் கேட்டாள். எழுதவில்லை. சாப்பாட்டு மேசையில் கிடந்ததைப் படித்தேன். 'வகுப்பில் கட்டுப்பாடு இல்லை. மாணவர்கள் அனுமதியின்றிப் பேசுகிறார்கள்.'

பதினான்கு தாளும் கையில் இருப்பதால் இனி என்ன எழுதினாலும் பொருந்தும். இவ்வளவு உதவி செய்தும் தேறவில்லை என்று.

மறுபடி கேட்காதே என்றீர்கள். கேட்கிறேன். ஏன் விட்டீர்கள்?

மார்த்தா


ஸ்ட்ரோம்னஸ்
30 மார்ச் 2014

மார்த்தாவுக்கு,

ஆறு வாரமாகி விட்டது. நீ சாப்பிடுகிறாயா? உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நான் நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

நான் விடவில்லை. தோற்கடிக்கப்பட்டேன்.

1999 செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்தத் தகுதிகாண் ஆண்டைக் கொண்டுவந்ததே அந்த வருடம்தான். யாருக்கும் அதன் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அப்போது உன் அப்பாவும் அதே பள்ளியில் இருந்தார். என் வழிகாட்டி அவருடைய நெருங்கிய நண்பர். ஒரு வருடத்தில் மூன்றே தடவை என்னோடு உட்கார்ந்தார். உன் அப்பாவுக்கு இது தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அவரிடம்தான் அழுவேன். ஜூலையில் 'தேறவில்லை' என்று வந்தது. எதிர்த்து முறையிட இருபது வேலைநாள் தருவார்கள். "சும்மா இரு லோர்னா. எனக்குத் துறைத்தலைவர் பதவி வர்ற நேரம். நான் மேல வந்ததும் ஏதாவது பாத்துக்கலாம்" என்றார். அவர் என் அண்ணன். நம்பினேன். ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதாம் நாள் நீ தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அவருக்குப் பதவி வந்தது. கார் ஓட்டும் சோதனையில் தோற்றவன் பத்துத் தடவை போகலாம். எனக்கு ஒரு வகுப்பறைகூடக் கிடையாது.

'மனசு ஒட்டல' என்று சொல்கிறாராமே. இதைப் படித்த அன்று கவுண்ட்டரைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். பதிமூன்று வருடத்தில் முதல் தடவை.

அவர் கையாலேயே தேதியோடு எழுதியது ஏதாவது இருக்கிறதா?

லோர்னா


ஸ்கெல்விக்
5 மே 2014

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கெரி வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். கெரியின் அம்மா, "உள்ள உயிரோடதான் இருக்கியா பொண்ணே?" என்று கேட்கும்வரை வெளியே வரவில்லை. இப்போது சாப்பிடுகிறேன். கோபம் வந்தால் பசிக்கும் போலிருக்கிறது.

எனக்கு டரமில் இடம் கிடைத்துவிட்டது. அப்பா பத்துப் பேருக்காவது கேக் வாங்கிக் கொடுத்திருப்பார்.

நீங்கள் கேட்டது இருக்கிறது. என் கணக்கு நோட்டு. அப்பா எதைத் திருத்தினாலும் தேதி போடாமல் விட மாட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் தேதி, 'பீரியட் 5', அவருடைய சுருக்கொப்பம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை இருபத்து நான்கு வியாழக்கிழமை. அதில் முதல் பதினான்கும் அந்தப் பதினான்கு தாளின் தேதிகள்தான்.

நோட்டை எடுத்துக்கொண்டு மிஸ் ரோஸ்கோவிடம் போனேன். பள்ளி முடிந்து ஆய்வகத்தில் தனியாக பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார். நான் பேசத் தொடங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். நோட்டைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் அவர் முகம் சிவந்தது.

"கணக்கா? நான் போன்ல தொங்கிட்டிருக்கும்போது உங்களுக்கு அங்க கணக்குப் பாடமா?"

"ஆமா மிஸ்."

"அக்டோபர் பத்து. அன்னிக்கு 9D-ல ஒருத்தன் என் மேல நாற்காலிய எறிஞ்சான். யார்கிட்டயாவது பேசணும்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். இங்க என்ன போட்டிருக்கு? இருபடிச் சமன்பாடு. நல்லாத்தான் போட்டிருக்கே."

நான் அழுதேன். "அழாத. இப்ப நீ அழுதா நான் உனக்குச் சமாதானம் சொல்லணும். எனக்கு அதுக்குத் தெம்பில்ல" என்றார். பிறகு நோட்டை என் பைக்குள் அவரே வைத்து ஜிப்பை மூடினார். "அப்பனுக்கு எதிரா பதினாலு வயசுப் பொண்ண நிறுத்தி நான் ஆசிரியராக வேண்டாம். அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டது நான். போ, வீட்டுக்குப் போ."

அத்தை, நான் என்ன செய்ய? சீக்கிரம் எழுதுங்கள். உங்கள் ஒருவரைத்தான் கேட்க முடியும்.

மார்த்தா


ஸ்கெல்விக்
22 ஜூன் 2014

அத்தைக்கு,

ஏழு வாரம். கெரியின் அம்மா தபால்காரர் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா? இல்லையென்றால் எதற்கு இந்த மௌனம்? அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டீர்களா?

மே மாத நடுவில் என்னவோ ஆகிவிட்டது. அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். உப்பை எடு என்று அம்மாவிடம் சொல்கிறார், உப்பு என் பக்கத்தில் இருக்கும்போது. இரண்டு தடவை என் அறையைக் கலைத்துத் தேடியிருக்கிறார். நோட்டு கெரி வீட்டில் இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. 9D-யை இரண்டு வாரத்தில் நான்கு தடவை பார்வையிட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசிப் படிவத்தில் 'தேறவில்லை' என்று பரிந்துரை எழுதிக் கவுண்ட்டி கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ஜூலை நடுவில் முடிவு சொல்வார்கள். மிஸ் ரோஸ்கோ அதை எதிர்த்து ஒரு வரிகூட எழுதப்போவதில்லையாம். 9D பையன்கள் அன்று சாயங்காலமே அவருடைய பெட்டிகளைக் காரில் ஏற்றினார்கள். ஜேக்கப், "மிஸ், நாங்க இன்னும் கொஞ்சம் அடங்கியிருந்தா உங்கள விட்டிருப்பாங்களா?" என்று கேட்டானாம். அவன்தான் அந்த நாற்காலியை எறிந்தவன்.

ஒரு வார்த்தையாவது எழுதுங்கள்.

மார்த்தா


ஸ்ட்ரோம்னஸ்
28 ஜூன் 2014

மார்த்தா,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே பன்னிரண்டாம் தேதி உன் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணைப் பலி கொடுக்காதே, எனக்குச் செய்தது போதும் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். "உனக்கு யாரு சொன்னது? நீ இன்னும் அந்தப் பழசையே நக்கிட்டிருக்கியா?" என்றார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "வியாழக்கிழமை அஞ்சாம் பீரியட் நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு எனக்குத் தெரியும்" என்று கத்திவிட்டேன். பிறகு மெதுவாக, "மார்த்தாவா?" என்றார். 'இல்லை' என்றேன். அது பொய் என்று என் குரலே சொன்னது.

நீ யாருக்கும் சொல்லாதே என்று கெஞ்சினாய். உன் பெயரை நான் சொல்லவில்லை என்று ஏழு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுத முகம் இல்லை. நான் செய்தது அவர் செய்ததைவிட எந்த விதத்தில் மேல் என்று தெரியவில்லை.

நீ இனி எதுவும் செய்ய வேண்டாம். உன் படிப்பைப் பார்.

லோர்னா


ஸ்கெல்விக்
10 ஜூலை 2014

அத்தைக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. வழக்கத்துக்காக: அம்மாவுக்கு முதுகு வலிக்கிறது, இன்றைக்கும் இரவுப் பணிக்குப் போயிருக்கிறாள்.

கணப்பில் போடச் சொன்னேன். நீங்கள் தொலைபேசியில் போட்டீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அதைச் சுக்குநூறாகக் கிழித்தேன். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து கெரியிடம் உங்களைத் திட்டினேன். என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன். கெரியே, "ஏய், சொந்த அத்தைடி" என்றாள். அப்பாவை விட உங்கள் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. அப்பாவை நான் நம்பியிருக்கவில்லையே.

அதற்குப் பிறகு உங்கள் கடைசி வரி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. 'உன் படிப்பைப் பார்.' உங்களிடம் அப்பா சொன்னது 'சும்மா இரு.' மிஸ் ரோஸ்கோ என்னிடம் சொன்னது 'வீட்டுக்குப் போ.' மூன்றும் ஒன்றுதான். நீங்கள் எல்லோரும் ஒரே பள்ளியில்தான் படித்தீர்களா?

ஜூலை மூன்றாம் தேதி கவுண்ட்டி கல்வி அலுவலகத்துக்கு நானே இரண்டு பக்கம் எழுதினேன். என் முழுப் பெயர், வகுப்பு, நான் யாருடைய மகள் என்பது, முழங்கால் பொய், பதினான்கு தேதிகள். நோட்டையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் அலுவலகப் பெண் எடை போட்டுவிட்டு, "உள்ள என்னம்மா, விலை ஒசந்த பொருளா?" என்றார். "கணக்கு நோட்டு" என்றேன். "அப்ப யாரும் திருட மாட்டாங்க" என்றார்.

மிஸ் ரோஸ்கோவிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார். டரம் போனால் போகட்டும். அந்த இடம் அவருடைய இருபத்து நான்கு மணி நேரத்தில் வாங்கியது.

இன்று பதில் வந்தது. எனக்கு இல்லை. பெற்றோருக்கு. அப்பா பிரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது படித்தேன். முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். இருபத்தோராம் தேதி திங்கட்கிழமை என்னை நேரில் விசாரிக்க விரும்புகிறார்களாம். ஆனால் எனக்குப் பதினாறு வயது ஆகவில்லை, அதனால் பெற்றோரில் ஒருவர் சம்மதம் எழுதித் தர வேண்டுமாம். சம்மதம் வராவிட்டால் என் கடிதத்தை ஒதுக்கிவிட்டுக் கையில் இருக்கிற தாள்களை வைத்து முடிவு சொல்வார்களாம். அந்தப் பதினான்கு தாள்கள்.

என் அப்பாவைப் பற்றி என்னிடம் பேசலாமா என்று என் அப்பாவிடம் கேட்கிறார்கள், அத்தை. படித்துவிட்டுச் சிரிப்பு வந்தது. அப்புறம் மேசை மேலிருந்த கண்ணாடி ஜாடியைச் சுவரில் வீசலாம் போல இருந்தது. பெரிய அலுவலகம், முத்திரை, பார்வையிடல் படிவம் என்று இத்தனை இருக்கிறதே, இதை யோசிக்க அங்கே ஒரு ஆள் இல்லையா?

அம்மா காலை ஏழு மணிக்கு வருவாள். அவளும் பெற்றோர்தான். வாசலிலேயே பிடித்து, கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவள் கையெழுத்துப் போடுவாளா என்று தெரியாது. பதினைந்து வருடமாக அப்பா சொன்ன இடத்தில் போடுகிறவள். ஆனால் கேட்பேன். அவள் போடாவிட்டால் அந்தத் திங்கட்கிழமை பஸ் ஏறி நானே அந்த அலுவலகத்துக்குப் போய், யாராவது கேட்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். கெரி கூட வருகிறாள். 9D-யில் இன்னும் ஆறு பேர் வருகிறார்களாம். ஜேக்கப் டை கட்டிக்கொண்டு வருவானாம்.

நீங்களும் வர வேண்டும். இது நலம் விசாரிப்பு இல்லை, அழைப்பும் இல்லை. நீங்கள் எனக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்ததை அவர்கள் முன்னால் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். தொலைபேசியில் கத்தத் தெரிந்தவருக்கு நேரில் பேசத் தெரியாதா? பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமைக் கப்பலைப் பிடித்தால் ஞாயிறு ராத்திரி இங்கே இருக்கலாம். உங்களுக்கா டிக்கெட் கிடைக்காது?

அப்பா மறுபடி பேசத் தொடங்கினால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பயமாக இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கீழே காகிதம் மடிக்கிற சத்தம் கேட்டது. இப்போது நாற்காலி நகர்கிறது. படியில் ஏறுகிறார். மெதுவாகத்தான் ஏறுகிறார். விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போய்விடலாம், இன்னும் ஆறு படி இருக்கிறது. அணைக்கப்போவதில்லை. அவர் கேட்டால் முதலில் சொல்லப்போவது

கதவைத் தட்டுகிறார். "மார்த்தா? முழிச்சிருக்கியா?"

முழித்துத்தான் இருக்கிறேன். திறக்கப்போகிறேன்.